பாடும் பாறையின் முதல் பக்தர்

— அந்தச் சால்வைய இங்க குடு. நாளைக்குப் பாறை மேல நிக்கும்போது மடிப்புக் கலையாம இருக்கணும்.

— பாறை மேலயா? ஏங்க, பக்கத்துல நின்னு கும்பிட்டதெல்லாம் போதாதா?

— பக்கத்துல ஊரே நிக்குது. முதல் பக்தன் மேலதான் நிக்கணும். பாட்டு ஆரம்பிச்சதும் மெழுகுவத்தியோட விறுவிறுன்னு ஏறப் போறேன். நகரசபைத் தலைவர்கிட்டகூட மூச்சு விடல. பஸ்ஸுல வர்ற கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பாக்கும், பாரு.

— அது ஆடுற பாறைங்க.

— பாடுற பாறை.

— சாலை இன்ஜினீயர் உங்களை என்ன எழுதச் சொன்னாரு? ‘ஆடும் பாறை, ஏறாதீர்கள்’. நீங்க ‘பாடும் குயில் விடுதி’க்கு வெட்டின அச்சுத்தகட்டையே வெச்சு பெயின்ட் அடிச்சுட்டு வந்துட்டீங்க. புதுசா வெட்டச் சோம்பல்.

— மேசையில எத்தனை தகடு கிடந்துச்சு! ‘வாடகைக்கு’ கிடந்துச்சு, ‘கழிப்பறை’ கிடந்துச்சு. என் கை ஏன் ‘பாடும்’ மேல போச்சு? அதுக்குப் பேர்தான் சங்கல்பம்.

— அது சரி. ‘கழிப்பறை’ மேல போயிருந்தா வந்தவங்களுக்கு உபயோகமாவது ஆகியிருக்கும்.

— சிரி, சிரி. ‘ஏறாதீர்கள்’னு படிச்சதுமே ஜனங்க செருப்பைக் கழட்டினாங்களே, அது சும்மாவா?

— போர்டு வெச்ச புதுசுல பாடவே இல்லையே. ஏமாத்திட்டீங்கன்னு வந்தவங்க தலைவரோட விடுதியில ஒரே சண்டை.

— அப்போ சாதகம் பண்ணிட்டு இருந்திருக்கும்.

— பாறை?

— ஏன், குரல் பழக வேண்டாமா? கடைக்காரன் குட்டிக் குட்டிக் கல்லா விக்கிறானே, அதுல ஒண்ண வாங்கினவர் பாடலைன்னு திருப்பிக் கொண்டாந்தாரு. சின்னப் பாறைங்க, இன்னும் குரல் உடையலன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிட்டு இன்னும் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. நீயும் ஒரு நாள் வந்து கேளேன். விடிஞ்சா தலைவரோட விடுதியில விரிப்பு மாத்தணும்னு ஓடிடறே. ஊர்ல கேக்காத ஒரே ஆள் நீதான்.

— நீங்கதான் சொல்லுங்களேன். எப்படி இருக்கும்?

— எப்படின்னு சொல்ல... மூடுபனிக்குள்ள இருந்து எழும்பி வரும். மேல போகும்போது தொண்டையில ஒரு சின்ன நடுக்கம். அங்கதான் எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிரும். நேத்து ஒரு அம்மா, செத்துப்போன வீட்டுக்காரர் கூப்பிடற மாதிரியே இருக்குன்னு விசும்பி விசும்பி அழுதாங்க.

— பொம்பளக் குரல்லயா?

— அவருக்குக் குரல் மெலிசாம்.

— நடுக்கம்னீங்களே. அது குறை இல்லையா?

— குறையா? அதுதான் அந்தப் பாட்டுக்கே உயிர். உனக்கு எங்க புரியும். நீ பாடினா தகரத்துல ஆணி கீறின மாதிரி இருக்கும்.

— அதனாலதான் வழிபாட்டு மண்டபத்துப் பாட்டுக்குழுவுல வாய மட்டும் அசைன்னு சொன்னீங்களாக்கும்.

— உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். முன் வரிசையில உக்காந்திருக்கேன், எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?

— இருக்கு. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் அசைச்சுட்டே இருக்கேன்.

— இப்ப எதுக்குப் பழசக் கிளறுறே? சால்வையக் குடு.

— ஏறாதீங்க. இன்ஜினீயர் ஒத்தக் கையால தள்ளினதுக்கே அசைஞ்சுதுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க.

— பரவசத்துல அசைஞ்சிருக்கும்.

— அடியில ஒரு சின்னக் கல்லுதான் முட்டுக் குடுத்துட்டு இருந்துச்சு. போன மழைக்கு அதுவும் நழுவிடுச்சு.

— அடியில என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— சொல்லிக்கிறாங்க.

— ஊர் சொல்றதுக்கெல்லாம் பயந்தா அவன் பக்தனா? தெய்வம் பாடுற இடத்துல பக்தன் விழ மாட்டான்.

— நீங்க விழறது இருக்கட்டும். அடியில இருக்கறவங்க கதி?

— அடியில யாரு இருக்கப் போறா? பல்லி, பூரான் இருக்கும்.

— நாளைக்குப் பாடலைன்னா?

— என்னைப் பாத்தா பாடும். பாடலைன்னாலும் மேல ஏறி, காலால ரெண்டு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவேன்.

— அப்போ ஏறத்தான் போறீங்க.

— சால்வை.

— இந்தாங்க. பாட்டுக்கே அதுதான் உயிர்னு உங்க வாயால கேட்டுட்டேன், எனக்கு அது போதும். இனிமே தலைவர் கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

— தலைவர் எதுக்குக் கோவிச்சுக்கணும்?

— இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீங்க மேல ஏறினா அந்தப் பாறை என் தலையிலதாங்க விழும். பாடும்போது நான் அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கேன்.