மூன்றாம் அத்தியாயத்தின் இழுவை

எனக்கு இழுவை ஆகாது, வக்கீலம்மா. பந்தியில் ரசம் வரத் தாமதமானால் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். இது குணம், குற்றமல்ல.

எலப்புள்ளியில் ஒரு மாடியறையில் நாங்கள் மூவர் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கொலைக் கதை என்னுடையது. காதல் காட்சிகளை எழுதியதும் படங்கள் வரைந்ததும் கௌசிகா. கணினி வேலை சுஜினுடையது; அவன் கம்பம்மெட்டு ஏலக்காய் வியாபாரியின் மகன். பால் சொசைட்டிச் செயலாளரைக் கொன்றது யார் என்று ஒரு பெண் தேடுகிறாள். கூடவே வரும் வேன் டிரைவர் மீது காதல் வருகிறது. நல்ல கதைதான். ஆனால் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். செத்துப்போன செயலாளரை ஒருவரும் நினைக்கவில்லை. சோதனைக்கு விளையாடியவர்கள் அங்கேயே மூடிவைத்துவிட்டுப் போனார்கள்.

வெட்டச் சொன்னேன். கௌசிகா மசியவில்லை.

"இத்தன பேசுனாத்தானுங்க, தனக்கு அவனப் புடிச்சிருக்குதுன்னு அவளுக்கே தெரியும்."

சுஜின் சிரித்தான். அப்போதுதான் விளங்கியது. இவர்கள் இருவரும் தினமும் பேசுவதைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருப்பவள் எதை வெட்டுவாள்?

அவள் அப்பா கருப்புசாமி அண்ணனுக்கு விஷயம் போனது. அவர் கத்தவில்லை. "வேற சாதி, வேற சாமி. எனக்கொண்ணும் தெரீலீங்க தம்பி. அம்மன் வெள்ளப்பூக் குடுத்தா அந்தப் பையனுக்கே கட்டி வெச்சுப் போடறேன்" என்றார்.

பூக்கேட்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் ஆகாது. எடுக்காத பொட்டலத்தை அவர்கள் வீட்டில் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகுமாம். இரண்டு பக்கமும் சேராத ஆள் கட்டட்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

சுஜின் ஊருக்குப் போய்விட்டான். கௌசிகா ஒரு வாரம் அழுதாள். பிறகு வந்து மூன்றாம் அத்தியாயத்தைத் தானே வெட்டி எறிந்துவிட்டு ஒரே ஒரு காட்சி எழுதினாள். டிரைவர் வேனை எடுத்துக்கொண்டு போகிறான், அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பாதியில் மூடிவைத்த அதே ஆட்கள் கடைசிவரை விளையாடி அழுதார்கள். நான் செய்தது தவறு என்பவர்கள் அதை ஒரு முறை விளையாடிப் பார்த்துவிட்டு என்னிடம் வரட்டும்.

அடுத்த கேமுக்கு அவள் எழுத்து மறுபடி மந்தமானது. கருப்புசாமி அண்ணன் அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். மீனாட்சிபுரம் பழனிச்சாமியைச் சொன்னதும் நான்தான். மாட்டுப்பண்ணை வைத்திருப்பவன். கதைக்காக அங்கே விசாரிக்கப் போனபோது, மடியை விடாத கன்றை அவன் இரும்புக் குழாயால் அடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

"பையன் எப்படீங்க தம்பி?" என்று அண்ணன் கேட்டார்.

"தங்கமான பையனுங்க" என்றேன். நல்ல மாப்பிள்ளை வந்தால் கதை அதோடு முடிந்துவிடும்.

கட்டிக்கொண்டவளை அவன் அடிப்பான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கையில் அடிப்பான் என்று தெரியாது. அவளுக்கு வலது கை விரல்கள் மூன்று நொறுங்கியிருக்கின்றன, இனி வரைவது கஷ்டம் என்கிறார் டாக்டர். அந்த ஒரு விஷயத்தில் என் கணக்குத் தப்பிவிட்டது. மற்றதற்கெல்லாம் நான் வருந்தவில்லை, வருந்தியதாக எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

எனக்கு அவள் மீது ஆசை என்று சுஜின் சொன்னானாம். ஆசைப்பட்டவன் இன்னொருவனுக்குக் கட்டி வைப்பானா?

பொட்டலங்களைப் பற்றி அவளிடம் நானேதான் சொன்னேன், ஆஸ்பத்திரியில், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது சுஜினும் இல்லை, புருஷனும் இல்லை, தினமும் பக்கத்தில் உட்கார நான் ஒருவன்தான் இருக்கிறேன். பேசுவாள். இந்த இடம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். எனக்கு அவசரமில்லை.