பாதியில் நின்ற கால்தடம்

என் வாயிலிருக்கும் பல்செட் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய் என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மாடிப்படியில் விளக்கு எரியவில்லை... அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

சரி. யாரும் எழவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இது என் சகலைக்கு நடந்தது. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். பகலெல்லாம் அபாய மணிகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர், அதனால் வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்வார்.

இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. பாலைவனத்து ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. ஹெட்லைட் எட்டுகிற தூரம்வரைதான் உலகம், அதற்கப்பால் கறுப்பு. சகலை காரை ஓட்டுகிறார். பக்கத்தில் மச்சினி. உள்ளே நல்ல அமைதி.

அந்த அமைதிதான் தப்பு.

ஏன் தப்பு என்று புரிய, சாயங்காலத்திலிருந்து சொல்ல வேண்டும்.

மச்சினி பல்செட் செய்கிறவள். இதோ, நான் சத்தியம் செய்தேனே, இதுவும் அவள் கைவேலைதான். அவள் மேல் எப்போதும் கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கும். பல், எலும்பு என்றால் அவளுக்கு உயிர். கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பாலைவனத்தில் டைனோசர் எலும்பு கிடைத்த இடங்களை, அங்கங்கே இருக்கும் மியூசியங்களை, காரில் போய்ப் பார்க்க வேண்டும். சகலை வருஷா வருஷம் தள்ளிப்போட்டார். ஒருநாள் அவள், "நான் தனியாவே போறேன். எப்பத் திரும்புவேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணத்தில்தான் சகலை பயந்துபோனார். இவளை விட்டுவிடக் கூடாது என்று மறுநாளே லீவு போட்டார்.

பயணம் நன்றாகத்தான் போனது. ஒரு மியூசியத்தில் ஆளுயர மண்டையோட்டின் முன் நின்று, "இதுக்கு ஒரு செட் பண்ணிக் குடுத்தா, வருஷம் பூரா வேற வேலையே வேண்டாம்" என்றாள்.

"மொதல்ல அது வாயத் திறந்து காட்டணுமே" என்றார் சகலை.

சண்டையெல்லாம் காருக்குள்தான். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று அவள் போட மாட்டாள். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அந்தக் கார் சும்மா விடாது. டிங்... டிங்... டிங்... வழியெல்லாம்.

"பெல்ட்டப் போடுடி."

"மெக்கானிக்தானே நீங்க? மணியக் கழட்டிப் போடுங்க."

"லிஃப்டுல ஏதுடி பெல்ட்டு? எனக்கெப்படித் தெரியும்?" என்றவர், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "இந்தச் சத்தம் மட்டும் நின்னுதுன்னா, எனக்கு இந்த ஜென்மத்துல வேற ஒண்ணும் வேண்டாம்."

பொழுது சாயும்போது கால்தடப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு காலத்தில் சேறாக இருந்து இறுகிப்போன பாறை. அதில் பெரிய மூன்று விரல் தடங்கள், வரிசையாக. தாய். பக்கத்திலேயே, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக, சின்னத் தடங்கள். குட்டி. பாறையின் நடுவில் குட்டியின் தடம் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இல்லை.

"பறந்துடுச்சோ?" என்றாள் மச்சினி.

தகரக் கொட்டகையிலிருந்து வந்த காவல்காரர் சிரிக்கவில்லை. "இதுக்கு றெக்கை கிடையாதும்மா. எதுவும் வந்து தூக்கிட்டுப் போன அடையாளமும் இல்ல. அதக்கூட விடுங்க. தாயோட அடியப் பாருங்க. நேராப் போவுது. நிக்கல, திரும்பல. குட்டியக் காணோம்னா எந்தத் தாயாவது தேடாம போவுமா? இது தேடவே இல்ல... அப்படி ஒண்ணு இருந்ததே ஞாபகம் இல்லாத மாதிரி."

காற்று நின்றிருந்தது. சூடு ஆறுகிற கல்லின் வாசனை.

"எங்க வேணா நில்லுங்க. அந்தக் கடைசிச் சின்ன அடில மட்டும் கால் வெக்காதீங்க."

"ஏன், பாறை உடைஞ்சிடுமா?" என்றார் சகலை.

"பாறைக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, அவர் தூரத்துக் கேட்டைப் பூட்டப் போனார்.

மச்சினியின் கை சும்மா இருக்குமா? தொழில் புத்தி. பையில் பல் அச்செடுக்கிற மாவு இருந்தது. தண்ணீரில் குழைத்து, அந்தக் கடைசித் தடத்தில் ஊற்றினாள். மேலே சமன்படுத்தக் கரண்டி வேண்டும். கரண்டி காரில்.

"சீக்கிரம்டி, அந்த ஆளு வந்துடப்போறார்" என்று விரட்டியவர் சகலைதான். அதை அவர் என்னிடம் பலமுறை சொன்னார்.

செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலை மாவின் மேல் வைத்து, மெல்ல அழுத்திச் சமன்படுத்தினாள்.

"கால் வெக்காதேன்னாரே!"

"பாறையில எங்க வெச்சேன்? மாவு மேலதானே வெச்சேன்."

மாவு இறுகியது. அச்சைப் பெயர்த்துத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். காவல்காரர் பூட்டைத் திறந்துகொண்டே சகலையிடம் கேட்டார்: "இவ்ளோ தூரம் தனியாவா வந்தீங்க?"

கண் சரியில்லாத மனிதர் என்று சகலை நினைத்துக்கொண்டார்.

வழியில் ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னார். ஒன்று வந்தது.

"ரெண்டு சொன்னேனே."

"இன்னொண்ணு யாருக்கு சார்?"

மச்சினி சிரித்தாள். "நான் ரொம்ப இளைச்சுட்டேன் போல." ஆனால் அந்த ஒரு டீயையும் அவள் தொடவில்லை.

இப்போது பத்து மணி ரோட்டுக்கு வாருங்கள். உள்ளே அமைதி. சகலை அதை அனுபவித்துக்கொண்டுதான் ஓட்டினார். வெகுதூரம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். பெல்ட் அதன் இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் போடவில்லை. மணியும் அடிக்கவில்லை.

"மணி... அடிக்கலையே."

"நீங்க கேட்டதுதானே" என்றாள். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது.

சகலை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சில்லென்று, மாவு காய்ந்தது போல் சொரசொரப்பாக இருந்தது. விடவில்லை. ஒற்றைக் கையால் ஓட்டினார்.

"அந்தத் தாய் திரும்பியே பாக்கலல்ல?" என்றாள்.

"நான் பாப்பேன்டி. சத்தியமா."

ரோட்டில் ஒரு மேடு. வண்டி திணறியது. கியர் மாற்ற வேண்டும்... கையை எடுத்தார். மாற்றினார். திரும்பக் கையை நீட்டினார்.

வெறும் இருக்கை. கிராம்பு எண்ணெய் வாசனை மட்டும்.

கதவு திறந்த சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தி, டார்ச்சோடு இறங்கினார். அவள் பக்கத்துக் கதவிலிருந்து மணலில் வெறுங்கால் தடங்கள். ஐந்து விரல். கொஞ்ச தூரம் போகின்றன... நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் காற்று வரியிட்ட மணல்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

விடியும்வரை தேடினார். பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டிங்... டிங்... டிங்...

காலி இருக்கைக்கு அடித்தது. அவர் நெடுநேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பெல்ட்டை இழுத்து, காலி இருக்கைக்கு மேலாக மெதுவாக மாட்டினார். நின்றது.

ஊர் திரும்பியதும் நேராக என் வீட்டுக்கு வந்தார். மேசைமேல் துண்டை விரித்தார். அச்சின் ஒரு பக்கம் மூன்று விரல். திருப்பினால் மறுபக்கம் ஐந்து. கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். டீ கொண்டுவந்த என் மனைவி குனிந்து பார்த்தாள். "யாரு கால் இது? எங்கம்மா கால் மாதிரியே இருக்கு" என்றாள். தன் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வந்தவரை யாரென்று கேட்காமலே உள்ளே போய்விட்டாள்.

சகலை டீயைக் குடிக்காமல் எழுந்தார். நான் வாசலில் நின்று காதுகொடுத்தேன். காருக்குள் டிங்... டிங்... என்றது. பிறகு பெல்ட் மாட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

முன்னமே சொல்லவில்லையே என்று நாளைக்கு யாரும் குறைப்படக் கூடாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வீட்டுக்கு ஒரே பெண்.