வறுத்துத் தொலைத்த மக்ரோனி

"ஹலோ! ஹலோ! மெட்ராஸா? ... ஓட்டலா? பெரிய சமையல்காரரு மதார் சாகிப் வேணும்... ஆமா, ஆமா, அவருதான்... அண்ணே! சலாம் அலைக்கும்ணே... இல்லண்ணே, உன் மச்சான் இல்ல. நான் ஜெய்புன்னிசா பேசறேன்... டிரங்கு கால அவுரு பேர்லதான் பதிஞ்சோம், வாட்ச்மேன் சடையப்பன் பதிஞ்சு குடுத்தாரு... ஐயோ, யாரும் மவுத்தாவலண்ணே! எல்லாரும் உசுரோடதான் கீறோம். நீ மொதல்ல அழுவறத நிறுத்து!"

வெளியூரிலிருந்து டிரங்கு கால் வந்தாலே எழவுச் சேதிதான் என்று எல்லோரும் நம்பியிருந்த நாட்கள் அவை. மாமல்லபுரம் பயணியர் பங்களாவின் கறுப்பு டெலிபோனை ஜெய்புன்னிசா இரண்டு வருஷமாகத் தினமும் துடைத்திருக்கிறாள்; காதில் வைத்தது இன்றைக்குத்தான். அவள் போட்ட சத்தத்துக்குக் கம்பியே தேவையில்லை, செங்கல்பட்டு வரைக்கும் சும்மாவே கேட்டிருக்கும்.

"கேளுண்ணே. காலைலேர்ந்து அவுருக்கு அனலாக் கொதிக்குது. எழுந்து நிக்க முடியல... கஷாயம் குடுத்துட்டேன், தூங்கறாரு. பேஜாரு அது இல்லண்ணே. பங்களாவுல இத்தாலி துரைசானி ஒருத்தங்க தங்கிகினு கீறாங்க. கோயில் சிலையெல்லாம் பாத்துப் பாத்துப் படம் வரையறாங்க. ஏழு மணிக்கு அவங்களுக்கு டின்னரு. ஓவர்சியர் கோதண்டராமன் ஐயாவும் கூட உக்காந்து சாப்பிடறாரு. சாப்பிட்டுப் பாத்துட்டு நாளைக்கு மேலிடத்துக்கு எழுதப் போறாரு, உன் மச்சான இங்க பர்மனென்ட் பண்றதா, வேற சமையல்காரனப் போடறதான்னு... ஆமாண்ணே, ஆமா... இல்ல, ஜொரம்னு சொல்லல. அவுரு உள்ள ஆக்கிகினு கீறாருன்னு சொல்லி வச்சிருக்கேன்... பின்ன இன்னா பண்ணச் சொல்ற? இன்னைக்குப் பாத்துப் படுத்துக்கினாருன்னா வேலை நிக்குமா?"

அண்ணன் ஏதோ கேட்டார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தியும் அது சாதாரண மனிதர்களின் கூச்சல் அளவுக்கு இருந்தது.

"பரங்கிக்காய் மக்ரோனி. கிரீம் ஊத்தினது... ஆமா, துரைசானியே பொட்டியில கொண்டாந்தாங்க. அவங்க ஊர்ல இந்த மாசம் எலையெல்லாம் பழுத்து உதிருமாம், பரங்கிக்கா வண்டி வண்டியா வருமாம், வூட்டுக்கு வூடு இதுதான் ஆக்குவாங்களாம். நம்ம ஊர்ல ஐப்பசிக்கு மழைதான் ஊத்துது, எலை எங்க உதிருது? ... ஒரே ஒரு பாக்கெட்டுதாண்ணே. அவங்க அம்மா கட்டிக் குடுத்தது. சொல்றப்பவே அவங்களுக்குக் கண்ணு கலங்கிச்சு... சரி, சரி, நீ சொல்லு. மொதல்ல தண்ணி கொதிக்கணும்... உப்பு... அப்பறம் மக்ரோனிய அப்படியே போடணுமா? அப்படியேன்னா... வறுக்காமயா?"

ஜெய்புன்னிசா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். டெலிபோன் அறைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே ஒரு கதவுதான். அந்தப் பக்கம் வாணலியில், துரைசானியின் அம்மா கட்டிக் கொடுத்த மக்ரோனி மொத்தமும் நெய்யில் புரண்டு செக்கச்செவேலென்று கிடந்தது. சேமியாவை வறுக்காமல் உலையில் போடுகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. பெருநாள் பாயசத்துக்கு அவள் வறுக்கும் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு தெருவே வரும். குழாய் குழாயாக இருந்தால் என்ன, இதுவும் சேமியாவுக்குப் பெரியண்ணன்தானே என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணே... கோச்சுக்காத. வறுத்துட்டேன்... மொத்தமும்தான்... நெய்லதான். பின்ன எண்ணெய்லயா வறுப்பாங்க?"

அவள் டெலிபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். வெள்ளைக்காரன் அடுப்பில் முப்பது வருஷம் வெந்த மனுஷன், கத்தத்தானே செய்வார்.

"கத்தி முடிச்சிட்டியா? ... தெரியும்ணே, வேற பாக்கெட்டு இல்ல... நாசந்தான், ஒத்துக்கறேன். இப்ப இன்னா பண்றது, அதச் சொல்லு... யாரு? எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிசம் ஆயிடுச்சா? அம்மா, தாயே, வெட்டிடாதீங்க! இன்னொரு மூணு நிமிசம் குடுங்க. எங்க வூட்டு அடுப்பே இந்தக் கம்பியிலதான் தொங்குது... நல்லா இருப்பீங்கம்மா... அண்ணே, சொல்லு! வறுத்தத அப்படியே கொதிக்கிற தண்ணியில... இன்னும் கொஞ்சம் கூட வேவணும்... சரி, சரி. பரங்கிக்கா எப்பவோ வெந்துடுச்சு, மசிச்சு வச்சிட்டேன்... வெல்லமா? போடலண்ணே. கை போச்சு, இழுத்துக்கினேன்... பூண்டும் வெங்காயமும் வெண்ணெயில வதக்கி, ஆச்சு... மொளகா இல்ல, மொளகுதான். கிரீமுக்கு நான் எங்க போவேன்? ரெண்டு நாளு பாலாடை எடுத்து வச்சிருக்கேன்... அது போதுமா? அப்பாடா... சீஸா? துரைசானி ஒரு கட்டி குடுத்தாங்க, கல்லு மாதிரி கீது. சிற்பி வூட்லேர்ந்து உளி வாங்கியாந்தாதான் ஒடையும்... தேங்காத் துருவியிலயா! அது தோணலியே எனக்கு... இரு, போன வச்சிடாத."

மேசைமேல் கிடந்த டெலிபோனுக்குள் மதார் சாகிப் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கரண்டிச் சத்தம், துருவிச் சத்தம், சூடு பட்டு ஒரு "அம்மாடி". அடுத்த மூன்று நிமிஷம் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அதிசயமாக, எக்ஸ்சேஞ்சு வாயே திறக்கவில்லை.

"அண்ணே, கீறியா? ... வாயில போட்டுப் பாத்தேன். நல்லா கீதுண்ணே! நெசமாத்தான்! ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, கொழையல. நெய் வாசத்துக்கும் பரங்கிக்கா இனிப்புக்கும் அப்படியே... இன்னா, நம்பலியா? உன் ஓட்டலுக்கு ஒரு தட்டு... ஐயோ. அண்ணே. துரைசானி வராங்க. வாசம் புடிச்சிகினு நேரா அடுப்பங்கரைக்கே வந்துட்டாங்க. பின்னாலயே ஓவர்சியர் ஐயா... சட்டியிலேர்ந்தே எடுக்கறாங்கண்ணே, கரண்டியால! ... அழுவறாங்க... தெரியலண்ணே, நல்லா இல்லன்னு அழுவறாங்களா, இன்னான்னு தெரியல... ஐயா அவுரு எங்கன்னு கேக்கறாரு. இன்னா சொல்ல? ... கடைக்குப் போயிருக்காருன்னா?"

சொல்லிவிடலாம். காலையிலிருந்து சொன்ன பொய்களுக்கு அது ஒரு தங்கை, அவ்வளவுதான். ஆனால் துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாவது கரண்டி எடுத்தாள். அதைப் பார்த்ததும் ஜெய்புன்னிசாவுக்குச் சட்டென்று ரோஷம் வந்தது. நான் ஆக்கினதை நானே வேறொருத்தர் ஆக்கினதாகச் சொல்வதா? பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமை ஒரு பிடி கூடுதலாக இருந்தது. டெலிபோனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு திரும்பினாள்.

"ஐயா, அவுருக்குக் காலைலேர்ந்து ஜொரம், படுத்துக் கெடக்கறாரு. பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. இத ஆக்கினது நான்தான்."

ஓவர்சியர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துரைசானி பக்கம் திரும்பினார். அவள் டெலிபோனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனாள்.

"... அண்ணே, கீறியா? ... ஐயா துரைசானிகிட்ட இங்கிலீசுல சொல்றாரு... துரைசானி என் கையப் புடிச்சிக்கினாங்கண்ணே... இரு, ஐயா சொல்றாரு... அவங்க அம்மாகூட இப்படி வறுத்தது இல்லியாம்! வறுத்து ஆக்கச் சொல்லி அம்மாவுக்குக் கடுதாசி போடப் போறாங்களாம்! ... வேலையா? இரு, கேக்கறேன்... அண்ணே, வேலை ரெண்டு பேருக்கும்ணே! சமையல்காரர் மொய்னுதீன், சமையல்காரி ஜெய்புன்னிசான்னு ரெண்டு பேரையும் எழுதறேன்றாரு! ... ஐயோ, நீ எப்பப் பாரு அழுதுகினு... இன்னா? எவ்ளோ நேரம் வறுக்கணுமா? நாசம் பண்ணிட்டேன்னியே! ... சரி, சரி, பென்சில் எடுத்துக்கோ. நெய்யி ரெண்டு கரண்டி. தீய எறக்கிடணும். கைய நிறுத்தாம கெளறணும். நல்லா செவந்து வரப்ப... ஹலோ? ... அண்ணே? ஹலோ!"

டக்கென்று ஒரு சத்தம். மெட்ராஸ் போய்விட்டது, செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்சு மட்டும் கம்பியில் நின்றது.

"யாரு, எக்ஸ்சேஞ்சம்மாவா? ... செவந்து வரப்ப இன்னாவா? அட, எல்லாத்தையும் கேட்டுகினா கீறீங்க! ... சொல்றேம்மா. செவந்து, வாசம் அடுத்த ரூமுக்குப் போனதும் எறக்கிடணும், அவ்ளோதான்... உங்க பேரு இன்னாம்மா? ... சம்பூர்ணமா? நல்லா இருங்கம்மா... என் பேரா? கால் பதிஞ்ச சீட்டுல மொய்னுதீன்னு கீதா? அத அடிச்சிடுங்க. ஜெய்புன்னிசான்னு எழுதுங்க... ஆமா, ஆமா. நான்தான் பேசினேன்."