நேர் ஒழுங்கை

வேலி கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அது சின்ன வயதிலிருந்தே உள்ள குணம், ஐயா. என் வீட்டு வேலிக் கதியால்களை நூல் பிடித்துத்தான் நட்டிருக்கிறேன். போகும்போது பாருங்கள்.

நான் கிணறு வெட்டி வளர்ந்தவன். தகப்பன் கல் உடைக்க, நான் கடகத்தில் மண் சுமந்தேன். பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்து படித்தவனில்லை. அப்படியிருந்தும் சனம் என்னைக் கிராமச்சபைக்கு அனுப்பியது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் குளக்கரையோடு வீடுகளுக்கிடையே போன குறுகிய ஒழுங்கை அடியோடு போனபோது, அதைத் திருப்பிக் கட்டும் திட்டத்தையும் என்னிடம்தான் விட்டார்கள்.

குளம் நிரம்பினால் அந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். பிள்ளைத்தாய்ச்சிகளைக் கதிரையில் வைத்துத் தூக்கிப்போன இடம் அது. நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கையை உயர்த்தி, அகட்டி, நேராக இழுத்து, பஸ் வரச் செய்ய வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேலியைப் பின்னுக்குத் தள்ளச் சம்மதித்தார்கள். குறுக்கே நின்றது இலட்சுமிப்பிள்ளை அக்காவின் கிணறு மட்டும்.

அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் உள்ள கிணறு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் உவர். அக்கா கைம்பெண். மகன் தெற்கே காலிப் பட்டணத்தில் கடை வைத்திருந்தார். மருமகள் பரிமளமும் பேத்தியும் அக்காவோடு இருந்தார்கள்.

"வளைச்சுக்கொண்டு போவம், அப்புத்துரை அண்ணை. சின்ன முடக்குத்தானே" என்றார் றோட்டு வேலை பார்க்க வந்த ஓவசியர்.

"முடக்கில பஸ் திரும்பாது" என்றேன். திரும்பியிருக்கவும் கூடும்.

அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"உம்மட றோட்டுக்கு என்ர வீட்டைக் கேளும், தாறன். கிணறு ஏலாது. நல்ல தண்ணியைத் தூர்க்கிறவன்ர கையால ஒருதரும் பச்சைத்தண்ணி வாங்கிக் குடியாதுகள்."

"பஸ் வந்தால் பட்டணத்திலயிருந்து சோடா வரும், அக்கா."

"சோடாவிலயோ நான் அரிசி கழுவுறது?"

தண்ணீர் அள்ள வந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியில்லை.

எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தூர்க்க ஒருவரும் விடமாட்டார்கள். உவர்க் கிணறு என்றால் கேள்வியே இல்லை. வைகாசியில் கிணறு இறைத்துச் சேறு வாருவது வழக்கம். அந்த முறை நானே இறங்குகிறேன் என்றேன். "சபைக்குப் போயும் பழசை மறக்கேல்லை" என்று அக்காவுக்குச் சந்தோசம். பனங்கட்டியோடு தேத்தண்ணீர் தந்தார்.

எங்கள் மண்ணில் மழைத்தண்ணீர் உவரின் மேல்தான் மிதக்கிறது. எந்தக் கல்லோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் கிணறு வெட்டுகிறவனின் முதல் பாடம். அந்தக் கல்லை நான் அலவாங்குக் கம்பியால் துளைத்தேன். துளையின் மேல் சேற்றைப் பரப்பிவிட்டு, "இனித் தண்ணி நல்லா ஊறும்" என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். அது பொய்யில்லை. ஊறியது.

ஆனி முடிவதற்குள் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. யாரும் மனிதனைச் சந்தேகிக்கவில்லை. கிணற்றைத் தூர்த்த அன்று முதல் கடகம் மண்ணை அக்காவே போட்டார்.

நல்ல தண்ணீருக்கு இனி இரண்டு கட்டை தூரம் போக வேண்டும். ஊர் வண்டிகளோ றோட்டுக்குக் கல் இழுத்துக்கொண்டிருந்தன. ஒருநாள் பரிமளம் குடத்தோடு வந்து என்னை மறித்தாள்.

"குளத்துத் தண்ணி குடிக்கலாமோ, அண்ணை? வத்திப்போய்க் கிடக்குது. மாடுகளும் அதுக்குள்ளதான் படுக்குது."

"குடிச்ச மாடு செத்ததோ, பிள்ளை? தெளிய வைச்சுக் குடியுங்கோ."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வண்டிகளைத் தண்ணீருக்கு விட்டிருக்க வேண்டும். விட்டால், மாரிக்கு முன் கல் பரப்பி முடிக்க முடியாது. என் வீட்டுக்குத் தண்ணீர் தூரத்திலிருந்துதான் வந்தது. கல் இழுக்கும் வண்டி ஒன்று வரும் வழியில் ஒரு பீப்பாய் ஏற்றி வரும்.

ஆவணியில் வாந்திபேதி தொடங்கியது. முதலில் பேத்தி போனது. பிறகு பரிமளம். பிறகு எதிர்வீட்டுத் தம்பிஐயாவும் பெண்சாதியும். பிரேதங்களுக்கு ஒரு வண்டியை விட்டுக்கொடுத்தேன். மற்றவை கல் இழுத்தன. மிஞ்சிய சனம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டது. அக்கா மட்டும் இருக்கிறார்.

நீங்கள் குளத்துத் தண்ணீரைப் பற்றித்தான் விசாரிக்க வந்தீர்கள். கிணற்றுக் கதையை நானாகத்தான் சொல்லுகிறேன். தண்ணீர் கரித்தது இலட்சுமிப்பிள்ளையின் பாவத்தால் என்று ஊர் பேசுகிறது. அக்காவும் அதை நம்பிவிட்டார். எனக்கு அநியாயம் பொறுக்காது, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், கல்லைத் துளைத்தவன் நான். குடிக்கச் சொன்னவனும் நான்.

பஸ் இப்போது காலையும் மாலையும் வருகிறது. ஏறுவதற்கு ஆள் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய? குளக்கட்டில் நின்று ஒருதரம் பாருங்கள். ஒழுங்கையின் இந்தத் தொங்கலில் நின்றால் அந்தத் தொங்கல் தெரியும். ஒரு கோணல் கிடையாது.