கழுத்துல மாட்டின கை

...மெதுவாம்மா, மெதுவா. அது கை, கிணத்துக் கயிறு இல்ல, இழுக்க இழுக்க வர்றதுக்கு. போன தடவை இருந்த தம்பி எவ்வளவோ தேவலை. தொடறதுக்கே பயப்படுவாரு. நான் லேசா "ஸ்ஸ்"ன்னாப் போதும், விட்டுட்டுப் போய் ஒத்தடம் குடுக்க ஆரம்பிச்சுடுவாரு. நீ பாக்க ஒல்லியா, காத்தடிச்சாப் பறந்துடற மாதிரி இருக்கே, பிடி மட்டும் இரும்பாட்டம் இருக்கு. பிசியோதெரபி படிப்புல இதுக்குன்னு தனிப் பரிட்சை வெப்பாங்களோ என்னமோ.

சரி சரி, தூக்கு. நான் கத்தினாலும் நிறுத்தாதே, கத்தறது என் சுபாவம். இங்க முடிச்சதும் டாக்டர் பாக்கறாரு. கை தோள் மட்டத்துக்காவது ஏறலேன்னா, மயக்க ஊசி போட்டுப் படுக்க வெச்சு, அவரே தோள் மூட்டை அமுக்கித் திருப்பி விட்டுடுவாராம். சிரிச்சுக்கிட்டே சொல்றாரும்மா மனுஷன். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது"ங்கறாரு. அதுதானய்யா எனக்குப் பயம்னேன். எனக்குத் தெரியாம என் கையை ஒருத்தர் திருப்பறதாவது. எனக்கு ஊசின்னாலே ஆகாது, அதுல மயக்க ஊசி வேற. முழிக்கலேன்னா? முழிச்சு, கை பின்பக்கமாத் திரும்பியிருந்தா? நேத்துலேருந்து சோறு எறங்கல எனக்கு. அதனால நீ தூக்கு. ஆனா... ஆ... மெதுவான்னேனே.

வீட்டுல செய்யறேனாவா? செய்யறேனே. அதான், சுவத்துல விரலை வெச்சு, பூச்சி ஊர்ற மாதிரி மேல மேல ஏத்தறது. அதெல்லாம் ஆகுது. தினமும்னு சொல்ல முடியாது. சுவரு சும்மா இருந்தாத்தானே? ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் டிவி, மிச்சமிருக்கற சுவத்துல மருமக காலண்டரை மாட்டி வெச்சிருக்கா. நான் தேதி மேலயா ஊர்றது?

எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நெனச்சுக்காதே. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு மருத்துவ சாமான் கடை இருக்கில்ல, வாசல்ல வீல் சேர் நிக்குமே, அது எங்க கொழுந்தன் கடைதான். அவரு கல்லாவுல உக்காந்திருப்பாரு, கவுண்டர்ல நிக்கறது நான். முட்டி உறை, ஊன்றுகோல், பேண்டேஜ், இடுப்புப் பெல்ட்டு, மனுஷனுக்கு எது கழண்டாலும் எங்ககிட்ட ஒண்ணு இருக்கும். டாக்டர்கிட்ட கேக்க வெக்கப்பட்டதை எல்லாரும் என்கிட்டதான் வந்து கேப்பாங்க. டாக்டர் ரூமுலேருந்து நிமிஷத்துல வெளிய வந்துடணும், என்கிட்ட எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாமே.

ஒருத்தர் சூடு பட்ட கையில பேஸ்ட்டை அப்பிக்கிட்டு வர்றாரு. ஏங்க, கையா பல்லு விளக்கப் போகுதுன்னேன். குழாயத் திறந்து, ஓடற தண்ணியில கொஞ்ச நேரம் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். இன்னொருத்தர், புண்ணு மேல நேராப் பஞ்சை வெச்சுக் கட்டிட்டாரு. பஞ்சு ஒட்டிக்கிச்சு, பிச்சா உயிர் போகுது. தண்ணி விட்டு ஊற வெச்சு எடுத்து, இனிமே மெல்லிசு துணி வெச்சுக் கட்டுங்கன்னு அனுப்பினேன். அதை விடு, ஒரு அம்மா. அவங்க புருஷனுக்குக் காலுல புண்ணு. மூணு நாளைக்குக் கட்டைப் பிரிக்காதீங்கன்னு நர்சு சொல்லி அனுப்பியிருக்காங்க. இந்தம்மா காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு, மறுபடி ஒட்ட டேப்பு வேணும்னு என்கிட்ட வந்து நிக்கறாங்க. ஏன் பிரிக்கறீங்கன்னா, புண்ணு ஆறுதான்னு பாக்கறாங்களாம். அடுப்புல இருக்கற பாத்திரமா அது, மூடியத் திறந்து திறந்து பாக்க?

இதுக்கும் மேல ஒருத்தர் இருக்காரு. படுத்த படுக்கையா இருக்கற அப்பாவுக்கு முதுகுல புண்ணு வந்துடக் கூடாதுன்னு காத்து மெத்தை வாங்கிட்டுப் போனாரு. மறுநாளே வந்து ஒரே சண்டை, காத்து நிக்கலயாம், நாங்க ஏமாத்திட்டோமாம். கொழுந்தன் பாவம், சாமானத் தூக்கிக்கிட்டு அவங்க வீட்டுக்கே போய்ப் பாத்தாரு. பெட்ஷீட்டு நழுவுதுன்னு நாலு மூலையிலயும் ஊக்கு குத்தி வெச்சிருக்காரு மனுஷன். மெத்தையோட சேத்து.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்கறேன். எனக்குச் சொல்ல ஒரு ஆள் கிடையாது... ஸ்ஸ்... அங்கதான், அந்த இடம்தான். அங்கயே நின்னுக்குது பாரு, பூட்டுப் போட்ட மாதிரி.

கழுத்துலயா? எங்க? ஓ, அதுவா. அது ஒண்ணுமில்ல, சங்கிலி உராயுது. கவரிங்கு சங்கிலி, வேர்த்தா செவந்து போயிடும்... சங்கிலியக் காணோமேவா? இன்னிக்குக் கழட்டி வெச்சுட்டு வந்தேன். அகலமா இருக்கா? அகலமான சங்கிலிதான்... ஏம்மா, நீ தோளைப் பாக்க வந்தியா, கழுத்தைப் பாக்க வந்தியா?

இப்படி உத்துப் பாக்காதே. அந்தப் பையை எடு. அதான், ஸ்டூலு மேல இருக்கு. உள்ள நீலக் கலர்ல இருக்கு பாரு. ஆமா, கையைத் தொங்கப் போடற பட்டைதான். எங்க கடைச் சரக்குதான். தெரியும்மா, டாக்டர் முதல் நாளே சொல்லிட்டாரு, கையைக் கட்டிப் போடாதீங்க, ஆட்டிக்கிட்டே இருங்கன்னு. அதான் இங்க வர்றப்ப பாத்ரூமுக்குப் போய்க் கழட்டிப் பையில வெச்சுக்கறேன். போறப்ப மாட்டிக்கறேன். கோவிச்சுக்காதே. முழுசாக் கேளு, கேட்டுட்டு அப்புறம் திட்டு.

எங்க கடையில ஒரு பொம்மை இருந்துச்சு. இடுப்பு வரைக்கும் ஆம்பளை, கீழ கம்பி. எல்லாப் பட்டையும் அதுக்குத்தான் மாட்டி வெப்போம். ஏணி சரிஞ்சு அதோட கை உடைஞ்சு போச்சு. கை இல்லாத பொம்மைக்குக் கைப்பட்டை எப்படி மாட்டறது? பெட்டி பெட்டியாச் சரக்கு அப்படியே தூங்குது. கொழுந்தன் வேற மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. சரி, ஒரு நாள் நானே மாட்டிக்கிட்டேன். சாம்பிளுக்கும்மா. எனக்கு அப்ப ஒரு வலியும் கிடையாது. இந்தக் கையால அரிசி மூட்டையே தூக்குவேன்.

மாட்டின கொஞ்ச நேரத்துல ஒரு வாடிக்கைக்காரர் வந்தாரு. வந்தா, "இதைக் குடு, அதைக் குடு"ன்னு மட்டும்தான் பேசுவாரு, என் மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல. அன்னிக்கு நின்னு பாத்துட்டு, "அடடா, என்னம்மா ஆச்சு?"ன்னாரு. நான் என்ன சொல்லுவேன்? சாம்பிள்னா சொல்ல முடியும்? "சறுக்கி விழுந்துட்டேங்க"ன்னுட்டேன். வாயில தானா வந்துடுச்சு. அப்புறம் அடுத்தவர் கேட்டாரு, அதுக்கடுத்தவர் கேட்டாரு. ஒரு அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உக்கார வெச்சாங்க. என் கடையில என்னையே உக்கார வெச்சாங்கம்மா.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரருக்கு யாரோ சொல்லிட்டாங்க. வேலையப் போட்டுட்டு வந்து கடை வாசல்ல நிக்கறாரு, மூச்சு வாங்குது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் எனக்காக வேகமா நடந்து நான் பாத்ததில்ல. பையை வாங்கிக்கிட்டாரு. ரோட்டைத் தாண்டறப்ப பட்டை போட்ட கைப் பக்கமா வந்து நின்னுக்கிட்டாரு. வீட்டுல மருமக பாத்திரம் தேய்க்க விடல. பையன் வந்து, "டீ வேணுமாம்மா?"ங்கறான். அவனுக்கு டீ போடத் தெரியும்ங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நீயே சொல்லு, அந்த நேரத்துல எவளாவது பட்டையக் கழட்டுவாளா?

கழட்டல. ராத்திரி படுக்கறப்பயும் கழட்டல, அவரு பாத்துடுவாரேன்னு. அப்படியே நாள் ஓடிடுச்சு. ஒரு நாள் குளிக்கறப்ப முதுகு தேய்க்கலாம்னு கையைத் தூக்கறேன், வரல. விளையாட்டுக்கு மாட்டினது நிஜமாவே மாட்டிக்கிச்சு.

வயித்தெரிச்சல் என்னன்னா, வலி இல்லாதப்ப தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க எல்லாரும். இப்ப நிஜமா வலிக்குது, ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. பழகிப் போச்சு அவங்களுக்கு. மருமக "அத்தை, இந்தக் குக்கரைக் கொஞ்சம் எறக்குங்க"ங்கறா. அவரு "இன்னுமா இழுத்துக்கிட்டு இருக்கே?"ங்கறாரு. கடைக்கு வர்ற புது ஆளுங்கதான் ஒண்ணு ரெண்டு பேரு இன்னும் கேக்கறாங்க. பட்டையக் கழட்டிட்டா அதுவும் போயிடும். அதான் கழட்ட மனசு வரல. இதை உன்கிட்டதான் சொல்றேன். டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதே.

சிரி, நல்லாச் சிரி. நீ சிரிக்கற சிரிப்புல என் தோளும் சேந்து ஆடுது.

என்ன சொன்னே? இன்னிக்கு ஏறலேன்னாலும் டாக்டர்கிட்ட நீ தவணை வாங்கித் தர்றியா? மயக்க ஊசி இல்லாமலே சரியாகுமா? நிஜமாவா? இந்த வாயால இன்னொரு தடவை சொல்லும்மா... என்ன செய்யணும்? பட்டை வேண்டாம், சரி. குப்பையில கூடப் போடு. காலையும் சாயங்காலமும் வீட்டுல ஒருத்தர் கையைப் பிடிச்சுத் தூக்கி விடணுமா? தினமுமா? யாரு இருக்கா எனக்கு...

அவரா? வெளிய பெஞ்சில உக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரரு, அவரா? கூப்பிடாதே, இரு, இரு. அவருக்குப் பொறுமை கிடையாதும்மா. லிஃப்ட் மெக்கானிக்கு. கையை ஸ்க்ரூ முடுக்கற மாதிரி முடுக்கிட்டாருன்னா? நீ சொல்லிக் குடுப்பியா? எப்படி? ஒரு கையால முழங்கையத் தாங்கிக்கிட்டு, இன்னொரு கையைத் தோள் மேல வெச்சுக்கிட்டு... பக்கத்துலயே உக்காந்தா? டிவி பாத்துக்கிட்டே செய்யக் கூடாதா? என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் செய்யணுமா? எங்க வலிக்குது, இப்ப வலிக்குதா, போதுமான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டுத் தூக்கணுமா?

அது கட்டாயமா? கேட்டே ஆகணுமா?

அப்ப அதை அவருகிட்ட நல்லா அழுத்திச் சொல்லிடும்மா. நான் சொன்னா காதுல ஏறாது. டாக்டரே சொன்னாருன்னு சொல்லு. நான் சறுக்கி விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும், அதைக் கிளறாதே. கொஞ்சம் தலைய வாரிக்கறேன், அப்புறம் கூப்பிடு.

இரு, கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. இது எத்தனை நாளைக்கு?

அவ்வளவுதானா? ஏம்மா... கொஞ்சம் கூட்டிச் சொல்லேன்.