முன் படகு, மூணாவது பெஞ்சு

அமைதின்னு பலகையில எழுதி மாட்டிட்டா அமைதி வந்துடுமா தம்பி? நீங்களே சொல்லுங்க. 'சூரிய உதய அமைதிப் படகுப் பயணம்'! எழுத்தெல்லாம் அழகாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா ஒரு குடும்பத்தை ரெண்டாப் பிச்சு ஆளுக்கொரு படகுல ஏத்தி விட்டா, எங்கேருந்து வரும் அமைதி? நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க... அந்தக் கேமராப் பையை மடியில வச்சுக்குங்க. ஆங். இப்பத்தான் எனக்கு முன்னாடி தெரியுது.

அதோ பாருங்க, முன்னால போகுதே ஒரு படகு. மூணாவது பெஞ்சு, ஓரத்துல. நீலச் சட்டை, கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி ஒரு தொப்பி. அதான் எங்க வீட்டுக்காரர். கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடத்தைச் சுத்திப் பார்க்கலாம்னு கிளம்பினோம். சேர்ந்து! நல்லா சேர்ந்தோம் போங்க. அவரு அந்தப் படகு, நான் இந்தப் படகு, நடுவுல ஒரு வாத்துக் கூட்டம்.

பையும் அவருகிட்ட மாட்டிக்கிச்சு. டீ ஃப்ளாஸ்க், என் சால்வை, பிஸ்கட்டு, எல்லாம் அதுக்குள்ள. இங்க எனக்குக் குளிர்ல பல்லு தாளம் போடுது. அங்க என் சால்வை அவரு மடியில சொகுசா உக்காந்து தோட்டம் பார்த்துக்கிட்டுப் போகுது. டீயைக் குடிக்கிறாரான்னு பாருங்களேன் தம்பி, உங்க கேமராவுல கிட்டக்க தெரியும்ல? ... திறக்கவே இல்லையா? ம்ம். திறக்க வராது அவருக்கு. அந்த மூடி இறுகிக்கும். அடியில ஒரு தட்டு தட்டித் திருப்பணும். அந்தத் தட்டு எனக்குத்தான் தெரியும்.

சத்தமாப் பேசுறேனா? முன்னாடி உக்காந்திருக்கிற ஜோடி நாலு தடவை திரும்பிப் பார்த்துட்டாங்க. எதுக்குப் பார்க்குறாங்கன்னே தெரியல. பார்த்தா பார்க்கட்டும். என் தொண்டை அப்படிப் பழகிப்போச்சு. வீட்டுல இந்த அளவுக்குப் பேசினாத்தான் வேலைக்காகும். அவருக்குக் காது மந்தம். செய்தித்தாள் அச்சடிக்கிற இடத்துல மெஷின் ஓட்டினவரு, முப்பத்தோரு வருஷம். அந்த மெஷின் ஓடுற சத்தத்துல பக்கத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாதாம். எங்க மக காதுல வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கா. அவரைக்கொட்டை அளவுதான். அது எங்க இருக்கும்ங்கிறீங்க? காதுலயா? சட்டைப் பையில! கேட்டா, "பத்திரமா வச்சிருக்கேன்"ங்கிறாரு. அப்புறம் நான் எந்தத் தொண்டையில பேச?

என்ன சொல்றாரு அந்த வழிகாட்டி? இந்த வாய்க்காலை யாரோ ஒரு மகாராணிக்காக வெட்டினாங்களா? தோட்டத்துக்கு நடந்து போனா அந்தம்மாவுக்குக் கால் வலிக்கும்னா! கேட்டீங்களா தம்பி? பொண்டாட்டிக்குக் கால் வலின்னதும் அந்த ராஜா ஊரையே வெட்டித் தண்ணி விட்டிருக்காரு. எனக்கு முழங்கால் வலின்னு ரெண்டு வருஷமா சொல்றேன், மாடிப்படியில ஒரு கைப்பிடி வச்சுத் தர ஆளில்ல... சரி, பொய் சொல்லக் கூடாது. வச்சாரு. போன மாசம்தான் வச்சாரு, தன் கையாலயே. ஆனா எந்தப் பக்கம் வச்சாருங்கிறீங்க? ஏறும்போது இடது பக்கம். எனக்கு வலிக்கிறது வலது கால்! கேட்டா, "ஏறும்போது யாரும் விழ மாட்டாங்க, இறங்கும்போதுதான் விழுவாங்க, இறங்கும்போது அது வலது பக்கம்"ங்கிறாரு. மெஷின்காரர் மூளை. அதுல குத்தம் கண்டுபிடிக்கவும் முடியல. அதான் எரிச்சல்.

அட, அந்தச் செடி வேலியைப் பாருங்களேன்... என்ன ஒரு வெட்டு! கத்திரி போட்டவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம். நான் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்துல இருந்தவ தம்பி. காலர் பிரிவு. இருபத்தெட்டு வருஷமா காலர், காலர், காலர்தான். ஓரம் ஒரு நூல் கோணினாலும் கண்ணை உறுத்தும். உங்க சட்டையில கூட... சரி விடுங்க, காலங்காத்தால எதுக்கு. இல்ல, அந்த இடது நுனி கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது. உள்ள வைக்கிற கஞ்சித்துணியைச் சரியா வெட்டல. அவ்வளவுதான். நான் ஒண்ணும் சொல்லல.

பாலம் வருதா? தலையைக் குனியணுமா? குனியிறேன், குனியிறேன்... ஐயோ, என்ன தாழ்வா கட்டி வச்சிருக்காங்க. தம்பி, முன் படகைப் பாருங்க, அவரு குனிஞ்சாரா? யார் சொல்லியும் குனியாத மனுஷன் அவரு. காதுல விழுந்துச்சோ இல்லையோ... கல்லு வேற கூரா நீட்டிட்டு இருக்கு... பாருங்க தம்பி! ... குனிஞ்சுட்டாரா? தொப்பியைக் கழட்டிட்டுக் குனிஞ்சாரா? அப்பாடா. தொப்பிக்காகக் குனிஞ்சிருப்பாரு. தலைக்காக இல்ல.

எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருக்கணுமா? சூரியன் வருதா? இருந்துட்டாப் போச்சு. நான் என்னமோ பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி அந்த வழிகாட்டி என்னையே பார்த்துச் சொல்றாரே.

...

...

ஒரு நிமிஷம் ஆச்சா?

நல்லாத்தான் இருக்கு. ம்ம். தண்ணி மேல தாமிரத் தகடு விரிச்ச மாதிரி. எனக்கு இந்த வெளிச்சம் ரொம்ப நாள் பழக்கம் தம்பி. எங்க குடும்பம் நடந்ததே இந்த வெளிச்சத்துலதான். அவருக்கு எப்பவும் ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை. அஞ்சரைக்கு அவரு உள்ள வருவாரு, ஆறே காலுக்கு நான் வெளிய போவேன். முக்கால் மணி நேரம். அதுக்குள்ளதான் எல்லாம். மக காய்ச்சல், வாடகை வீட்டு ஒழுகல், சண்டை, சமாதானம், எல்லாம். நான் சாப்பாடு கட்டிக்கிட்டு இருப்பேன். அவரு அடுப்படி வாசப்படியில உக்காந்து, அச்சு சூடு ஆறாத பேப்பரைப் பிரிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. ஊரே தூங்கும்போது ஊர்ச் செய்தி மொத்தமும் எனக்கு வந்துடும். தையல் கூடத்துக்குப் போய் நான் சொல்லித்தான் மத்தவங்களுக்குத் தெரியும். அங்க என் பேரே 'ரேடியோக்கா'. அப்படி ஒரு மதிப்பு!

சண்டைக்கெல்லாம் நேரம் பத்தாது தம்பி. ஆரம்பிப்போம், பஸ் வந்துடும். மறுநாள் அதைத் தொடரலாம்னா, எதுல விட்டோம்னு ரெண்டு பேருக்குமே மறந்துடும். இப்படியே முப்பது வருஷம் ஓடிடுச்சு. ஊர்ல எல்லாரும் 'சண்டையே போடாத ஜோடி'ன்னாங்க. நாங்களும் நம்பிட்டோம்.

இப்போ ரெண்டு பேரும் வேலையை விட்டாச்சு. அவரு எட்டு மாசத்துக்கு முன்னாடி, நான் அஞ்சு மாசத்துக்கு முன்னாடி. இருபத்து நாலு மணி நேரமும் வீட்டுல எதிரும் புதிருமா உக்காந்திருக்கோம். பஸ்ஸும் வரல. என்னத்தைச் சொல்ல! என் பருப்பு டப்பா எல்லாத்தையும் உயர வரிசையில அடுக்கி வச்சாரு. எது எதுல என்ன இருக்குன்னு தெரியாம நான் காப்பியில உப்பைப் போட்டேன். அதையும் குடிச்சுட்டு, "கொஞ்சம் மாறியிருக்கு"ங்கிறாரு. நான் பேச ஆரம்பிச்சா மெல்லக் கையைக் காதுக்குக் கொண்டு போவாரு. அவரைக்கொட்டை கீழ இறங்கி சட்டைப் பைக்குப் போயிடும். போன பத்து நாளா பேச்சுவார்த்தையே இல்ல. உப்பு எங்க, சாவி எங்க, அவ்வளவுதான். எங்க மக வந்து பார்த்தா. மறுநாள் இந்த ரெண்டு டிக்கெட்டைக் கொண்டாந்து மேசை மேல வச்சா. "அப்பா, அம்மா, ஒரு காலையாவது சேர்ந்து பாருங்க"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு தம்பி. அதை மட்டும் ரெண்டு பேருமே பார்த்தோம்.

சரின்னு நானும் இறங்கி வந்தேன். அஞ்சு மாசமா தொடாத தையல் மெஷினைத் துடைச்சு, அவருக்கு ஒரு சட்டை தைச்சேன். சந்தனக் கலர். காலர் எப்படி வந்துச்சுங்கிறீங்க? கத்தி மாதிரி! காலையில எழுந்து பார்த்தா, அவரு அந்த நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. அச்சு மை கறை பட்ட சட்டை. புதுசு எங்கன்னேன். "படகுல யாரு பார்க்கப் போறா"ன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? படித்துறைக்கு வர்ற வரைக்கும் நான் வாயையே திறக்கல. நான் வாயைத் திறக்கலன்னா நிலைமை எப்படின்னு பார்த்துக்குங்க.

அங்க டிக்கெட் பார்க்கிறவர் என்ன பண்ணணும்? சேர்ந்து வந்தவங்களைச் சேர்த்து உக்கார வைக்கணும்ல? "ஐயா முன் படகு, அம்மா பின் படகு"ன்னு கையைக் காட்டிட்டாரு. நியாயமா?

என்ன கேக்குறீங்க? அவரு எங்களைக் கேக்கவே இல்லையான்னா?

... கேட்டாரு.

கேக்காம என்ன. மரியாதையாத்தான் கேட்டாரு. "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாம்மா?"ன்னு. நான்... அது என்ன, உங்க கேமராவுல சிவப்பா மினுங்குது? ஓடிக்கிட்டு இருக்கா? குரலும் பதியுமா? அய்யய்யோ! முதல்லேருந்தா? அழிச்சிடுங்க தம்பி. இல்ல, அந்தக் காலரைப் பத்திச் சொன்னதை மட்டும் வச்சுக்குங்க, உங்க தையல்காரருக்கு உதவும்.

நிறுத்திட்டீங்களா? சரி, சொல்றேன். "இவரா? யாருன்னே தெரியாது எனக்கு"ன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன். தவளை தன் வாயால கெட்ட கதை. அவருக்குக் கேக்காதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். எப்பவும் கேக்காதே! முகத்தைப் பார்த்தா... காதுல அந்த அவரைக்கொட்டை இருக்கு தம்பி. எட்டு மாசமா நான் வாயைத் திறந்தாலே சட்டைப் பைக்குப் போறது, இன்னைக்குன்னு பார்த்துக் காதுல இருக்கு. படகுல நான் ஏதாவது சொன்னா கேக்கணும்னு போட்டுக்கிட்டு வந்திருக்காரு மனுஷன். அவரு கேட்ட முதல் வார்த்தையே அதுதான்.

என்னை ஒரு பார்வை பார்த்தாரு. "எந்தப் படகுங்க?"ன்னு டிக்கெட்காரரைக் கேட்டாரு, போயிட்டாரு. பை தோள்ல தொங்கினபடியே போச்சு. யாருன்னே தெரியாதவ பையை எவனாவது தூக்கிட்டுப் போவானா? அந்த டிக்கெட்காரருக்கு அது தோணல பாருங்க. அதுக்குத்தான் அவரைத் திட்டுறேன்.

அந்தச் சட்டையை... அதையும் சொல்லிடறேன். "யாரு பார்க்கப் போறா"ங்கிறதோட அவரு நிறுத்தல. "தண்ணி தெறிச்சா கறையாயிடும், உன் கையால தைச்சது, மக வீட்டுக்குப் போட்டுக்கிறேன்"னாரு. பாதியைக் காதுல வாங்கினேன், மீதியை வாங்கல. காது மந்தம் அவருக்கு மட்டும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

என்ன தம்பி, எழுந்துட்டீங்க? தோட்டத்துப் படி வந்தாச்சா? பத்து நிமிஷம் நிக்குமா? நீங்க இறங்குங்க, நான் இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க இறங்க... பையெல்லாம் எதுக்கு எடுக்குறீங்க? அந்தப் படகுல வரப் போறீங்களா? அங்கேருந்து படம் நல்லா விழுமா? படம் நல்லா விழுமா, இல்ல என் வாய்க்குப் பயமா? சிரிக்காதீங்க, உள்ளதைச் சொல்லுங்க. அப்போ அவரு... அவரை இங்க அனுப்புறீங்களா? வேண்டாம் தம்பி. நான் அனுப்பச் சொன்னேன்னு நினைச்சுக்குவாரு. இல்ல... நினைச்சுக்கட்டும். போங்க. டிக்கெட்காரர் கேட்டா, எனக்கு அவரைத் தெரியும்னு சொல்லுங்க. நல்லாவே தெரியும்னு சொல்லுங்க.

தம்பி போயிட்டாரு... அவருகிட்ட பேசுறாரு... ஏன் இவ்வளவு நேரம்? ஆங், எங்க வீட்டுக்காரர் எழுந்துட்டாரு. தொப்பியைச் சரி பண்றாரு பாரு, பொண்ணு பார்க்க வர்றவரு மாதிரி...

வாங்க. மெதுவாக் கால் வைங்க, படகு ஆடும். உக்காருங்க. என்னங்க? காலையில நான் சொன்னது தப்புதான். இதோட விட்டுடுங்க, வீட்டுல போய் ஆரம்பிக்காதீங்க. ஃப்ளாஸ்க்கைக் கொண்டாங்க... சால்வை முழுசும் எனக்கு வேண்டாம், நீங்களும் பாதியைப் போர்த்திக்குங்க, கை சில்லுன்னு இருக்கு. பாவம் அந்தத் தம்பி, நல்ல மனுஷன்தான், ஆனா அரை மணி நேரமா வாயிலேருந்து ஒரு சொல்லு வரலைங்க! அப்படி ஒரு ஊமையோட எப்படி உக்கார்றது? அதான் அனுப்பிட்டேன்.

இந்தாங்க டீ.

நான் ஒண்ணும் பேசல. நீங்க சொல்லுங்க. அந்தப் படகுலேருந்து என்னெல்லாம் பார்த்தீங்க?