ஆறு நொடி ட்ரம்கீல்

மேடையில் இருக்கும் ஃபாதர் லாவின் அவர்களே, சங்கத் தலைவி நோரீன் அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற என் அயர்லாந்து மக்களே, எல்லாருக்கும் அட்ராக்டாவின் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மெல்பர்னுக்கு வந்து இந்தத் திரையரங்கைக் கூட்டித் துடைத்தே முப்பத்தெட்டு வருஷம் போய்விட்டது. ஆனாலும் நம்மை விட்டுப் போன டொனால் கில்மார்ட்டினைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

நம் திரைப்பட விழாவின் செயலாளர் டொனால்! ஊரிலிருந்து வந்த படப்பெட்டிகளைத் தோளில் சுமந்து பஸ் ஏறிய டொனால்! அவர் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து அவன் என்றே சொல்லிவிட்டேன். மன்னியுங்கள், வாய் திரும்பவில்லை.

முதல் வருஷ விழா நினைவிருக்கிறதா? ரீலை முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டான். சவக்குழியில் இறக்கிய ஆள் அடுத்த ரீலில் பப்பில் உட்கார்ந்து கருப்பு பீர் குடித்தான். படம் முடிந்ததும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

“மன்னிச்சிடுங்க, ரீலை மாத்திப் போட்டுட்டேன்.”

மேயோ மாவட்டத்துக்காரர் பாட்ஜோ கேட்டார். “எப்பப்பா மாத்தின?”

“செத்த ஆளு எழுந்து வந்து பீர் குடிச்சானே, பாக்கலையா?”

“குடிச்சா குடிச்சிட்டுப் போறான்! அவன் முதுகுக்குப் பின்னாடி ஒரு கல் சுவர் நின்னுச்சே, அது எங்க ஊரு சுவருடா!”

கதையை யார் பார்த்தோம்? அவரவர் வேலியைத்தானே தேடினோம்!

எங்கள் ஊர் லீட்ரிம் பக்கம் ட்ரம்கீல். நாற்பது வீடு. இந்த நகரத்தில் அந்த ஊர்க்காரர்கள் இரண்டே பேர், அவனும் நானும். பத்து வருஷம் எந்தப் படத்திலும் எங்கள் ஊர் வரவில்லை. பதினோராவது வருஷம் வந்தது. ஒரு கார் வளைவில் திரும்புகிறது, அவ்வளவுதான். ஆறு நொடி. ஆபரேட்டர் அறையிலிருந்து டொனால் கத்தினான்.

“அட்ராக்டா! பால் டிப்போ!”

நான் எழுந்து நின்றேன். “டிப்போ கதவுக்குப் பச்சை அடிச்சிட்டானுங்கடா, பாவிங்க!”

உட்காரச் சொல்லித் திட்டினீர்கள். உட்கார்ந்தேனா?

அதன்பிறகு வருஷாவருஷம், விழா முடிந்து நீங்கள் எல்லாரும் போனதும், நான் கூட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ரீலைப் போடுவான். அவன் அதையே கத்துவான். நானும் அதையே சொல்வேன்.

போன செவ்வாய்க்கிழமை புது ஆபரேட்டரிடம் அதைப் போடச் சொன்னேன். துடைப்பத்தோடு நடுவில் நின்றேன். வளைவு வந்தது, போனது. யாரும் கத்தவில்லை. செத்தவனை எழுப்பிக் காட்டிய டொனால், உன் ரீலை மாற்றிப் போட யாருக்கடா தெரியும்?

இனி விழா வேண்டாம், வீட்டிலேயே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கத்தில் பேச்சு. பார்க்கலாம். என் வீட்டில் நான் ஒருத்திதான். போனைப் பார்த்து நான் கத்தினால் யார் பதில் சொல்வார்கள்?

நவம்பரில் விழா நடக்கும். கூட்ட, துடைக்க, தேநீர் போட நான் இருக்கிறேன். நோரீன் அம்மா, படம் கேட்டுக் கடிதம் எழுத எனக்கு வராது. நீங்கள் எழுதுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். முதல் நாள் எங்கள் வளைவைப் போடச் சொல்வேன். பால் டிப்போ என்று நானே கத்துவேன். உங்களுக்கு அந்த ஊர் தெரியாது, பரவாயில்லை.

கதவு பச்சை. பதிலுக்கு யாராவது ஒருத்தர் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.